விதைப் பாத்தியில் தேமல்

இன்று நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? கடுகை! ஆள் சின்னது, கோபம் பெரியது என்று சொந்தக்காரர்கள் வைத்த பட்டம் அது. விதை நிறுவனம் ஒன்றில் நோய்ச்செடிகளைப் பார்த்துப் பிடுங்குகிற வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு, இப்போது அண்ணனோடு நிழல்வலைக்குள் கீரை போடுகிறார். நான் போனபோது அண்ணனை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? குருத்தைப் பாருண்ணா!"

நானும் குனிந்தேன். குருத்திலைகளில் தோல் தேமல் போலத் திட்டுத் திட்டாய் வெளிர்பச்சை. இலை நெளிந்து சுருங்கியிருந்தது.

"உரம் பத்தலையோ என்னவோ..." என்றார் அண்ணன்.

"உரம் பத்தலைன்னா கீழ் இலைதான் முதல்ல மஞ்சளாகும், பாத்தி பூரா ஒரே மாதிரி. இது அங்கொண்ணு இங்கொண்ணு, அதுவும் குருத்துல. வைரஸ்!"

வாசலோரப் பாத்தியில்தான் இது முதலில் வந்ததாம். பிடுங்கி, மூட்டை கட்டி, வெளியே கொண்டுபோய்ப் புதைக்கச் சொல்லியிருக்கிறார் கடுகு. அண்ணன் பிடுங்கினார், சரி. ஆனால் குப்பை வண்டி வரட்டும் என்று கடைசிப் பாத்தி ஓரமாய்க் குவித்து வைத்துவிட்டார். சாறு உறிஞ்சி வைரஸைப் பரப்புகிற அசுவினிப் பூச்சியெல்லாம் வாடிய குவியலை விட்டு இந்தக் கடைசிப் பாத்திக்கு ஏறிவிட்டது.

"செத்த வீட்ல உக்காந்து பூச்சி ஒப்பாரி வைக்கும்னு நெனச்சியா? பசிச்சா பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்!"

"மருந்து அடிச்சுடலாம்மா."

"வைரஸுக்கு ஏது மருந்து? பூச்சியைத்தான் கொல்லலாம். இலைக்குள்ள போனது போனதுதான்!"

எனக்கே நெஞ்சு கொதித்தது. ஏனென்றால் அது விதைப் பாத்தி. ஒவ்வொரு பருவமும் நல்ல செடியாய்ப் பொறுக்கிப் பொறுக்கிக் கடுகே உருவாக்கிய ரகம். கைவசம் இருந்த விதை முழுக்க அதில்தான் போட்டிருந்தார்.

"நல்லாருக்கிற செடியையாவது விட்டு வை. அதுல விதை எடுத்துக்கலாம்" என்று அண்ணன் கெஞ்சினார்.

"உள்ள நோய் இருந்தும் வெளிய காட்டாத செடி எது, சொல்லு பாப்போம்? விதையோட போய் அடுத்தவங்க பாத்தியிலயும் மொளைக்கணுமா? சாக்கைப் பிடி!"

பாத்தி முழுவதையும் அவரே பிடுங்கினார். ஒவ்வொரு செடிக்கும் ஒரு திட்டு. அண்ணன் தலை நிமிராமல் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முன்பு கடுகிடம் இந்த ரக விதை வாங்கிப் போனவர்கள் எங்கோ இருப்பீர்கள்தானே? உங்கள் செடி சுத்தமாக இருந்தால் ஒரு கைப்பிடி விதையோடு போய் அவரைப் பாருங்கள். விதை வாங்காதவர்கள் இதைப் பகிருங்கள், வாங்கியவர்கள் கண்ணில் படட்டும்.