சர்வேயரின் 1600

அக்கா இறந்து மூன்று வாரம் ஆகிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும், "பொறுமைசாலி, யாரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசமாட்டா" என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். வீடு மாறி வந்துவிட்டார்களோ என்று சில சமயம் தோன்றுகிறது.

என் அக்காவுக்கு வாய் நீளம். பன்னிரண்டு வருடம் ஒரு கடையில் லேப்டாப் பழுது பார்த்தவள், மரியாதையை லேப்டாப்புகளுக்கு மட்டுமே வைத்திருந்தாள். பழைய மாடல் வந்தால் "பெரியவரே, கொஞ்சம் ஒத்துழைங்க" என்பாள். கொண்டுவந்த ஆளை "இது" என்பாள். "இது காப்பிய ஊத்திட்டு, தூசி உள்ள போயிருச்சுன்னு சொல்லுது" என்று அவர் காதுபடவே என்னிடம் சொல்வாள்.

மாடிப்படிக்குக் கீழே அவள் மேசை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அடுத்த தெருவில் என் அலுவலகம். மதியச் சாப்பாட்டை அந்த மேசையின் ஓரத்தில்தான் முடிப்பேன். அதனால் சர்வேயர் வந்த அன்று நானும் இருந்தேன்.

அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஒரு வாரம் முன்பு, வேறு கடையில் நான்கு ஜிபி மெமரி ஒன்றைத் தானே வாங்கிவந்து, தன் பழைய லேப்டாப்பில் அக்காவிடம் மாட்டிக்கொண்டு போயிருந்தார். இப்போது லேப்டாப்பை மேசைமேல் வைத்து, அது விழிக்கும்போது வரும் நீலத் திரையில், மெமரியின் வேகத்தைச் சொல்லும் எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"நான் குடுத்தது 1600. இங்க 1067 காட்டுது. என்னோடதத் திருடிட்டு, ஏதோ பழசப் போட்டிருக்கே."

கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவில் இருந்த முதலாளி, யாரோ வேற்றாள் என்பதுபோல அக்காவைப் பார்த்தார்.

அக்கா பின்மூடியைக் கழற்றி மெமரியைக் காட்டினாள். "மேலேயே 1600ன்னு ஒட்டியிருக்கு பாருங்க."

"ஒட்டறதுக்குப் பசை போதும்."

"சார், இந்த போர்டுல மெமரிகூடப் பேசறதுக்குன்னே ஒரு சிப்செட் இருக்கு. அதுக்கு 1066தான் எல்லை. நீங்க எவ்வளவு வேகமானதக் கொண்டுவந்தாலும் அதோட நடைக்குத்தான் நடக்கணும். நான் எங்க முதலாளிகிட்ட வேலை பாக்கற மாதிரி."

"நீ 1066ங்கறே. திரையில 1067 இருக்கு."

"அந்த ஒண்ணு உங்களுக்கு இனாம்."

சர்வேயர் சிரிக்கவில்லை. முதலாளி எழுந்து வந்தார். "எடுத்ததக் குடுத்துரும்மா, பிரச்சினை வேண்டாம்" என்றார் மெதுவாக. அக்காவின் முகம் மாறியது அப்போதுதான். வெளியாள் திருடி என்றதற்கு அவளிடம் கேலி இருந்தது. இதற்கு இல்லை.

அந்த மெமரி முழு வேகத்தில் ஓடக்கூடிய லேப்டாப் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: முதலாளி போன மாதம் வாங்கி, தினமும் மஞ்சள் துணியால் துடைக்கும் அவருடைய சொந்த லேப்டாப். அக்கா போய் அதை எடுத்துவந்து கவிழ்த்தாள்.

"ஏய், சீல் உடைஞ்சா வாரண்டி போயிரும்."

"என் பேரு போயிட்டிருக்கு சார், வரிசையில நில்லுங்க."

சீல் கிழிந்தது. முதலாளியின் மெமரியை எடுத்து வைத்துவிட்டு, சர்வேயருடையதை மாட்டி உயிர் கொடுத்தாள். திரையில் 1600 வந்தது. சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"அப்போ குறை என் லேப்டாப்புலயா?"

"குறை இல்ல சார், வயசு. வேகம் கூடாது, ஆனா இடம் ரெண்டு மடங்காயிருக்கு. இன்னும் மூணு வருஷம் ஓட்டலாம். இப்ப எழுதுங்க." பில் ஒன்றைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

'இந்தப் பெண் எடுக்கவில்லை' என்று எழுதினார்.

"சொன்ன வார்த்தைய எழுதுங்க."

அவர் அடித்துவிட்டு, 'திருடவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அக்கா அதை மடித்து வைத்துக்கொண்டு, அவரவர் மெமரியை அவரவர் லேப்டாப்பில் மாட்டினாள்.

முதலாளி கிழிந்த சீலை விரலால் தடவிப் பார்த்தார். "நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

"சரி. மூடறதுக்கு முன்னாடி எண்ணுங்க."

"எத?"

"திருகாணிய. பதினொண்ணு கழட்டினேன். நான் போனப்பறம் பத்துன்னு ஒரு பேச்சு வரக்கூடாது."

முதலாளி முறைத்தார். அக்கா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள். வேறு வழியில்லாமல் அவர் குனிந்து எண்ணத் தொடங்கினார். சர்வேயரும் கூடவே குனிந்தார், தொழில் புத்தி. முதலாளி ஏழிலிருந்து நேராக ஒன்பதுக்குப் போனார். அக்கா முதலிலிருந்து எண்ணச் சொன்னாள்.