சொல்லாமல் போனால் கேட் திறக்காது

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, உங்களில் பாதிப் பேருக்கு எங்கள் அக்காவை ரெங்கம் பண்ணை வீட்டுக்காரராகத்தான் தெரியும். மீதிப் பேருக்கு அவரை லயத்து வீட்டுப் பிள்ளையாகத் தெரியும். இருவரும் ஒரே ஆள்தான் என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. எழுதச் சொன்னவர் அத்தான். "நீதான் அவகூட அதிகமா சண்டை போட்டவ. நீயே எழுது" என்றார். அதுவும் ஒரு தகுதிதான் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்கா பிறந்தது குளுவாங் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால் மரத்தின் பட்டையை வெட்டிப் பால் எடுத்தவர்கள். அக்காவுக்குப் பிறகு ஏழு வருடம் கழித்து நான் பிறந்தேன். பள்ளி விடுமுறை வந்தால் எங்களுக்குப் போக ஓர் ஊர் கிடையாது. லயம் என்றால் ஒரே கூரையடியில் வரிசை வீடுகள்; சித்தி வீடு நாலு கதவு தள்ளி. மாமா வீடு எதிர் லயம். யார் வீட்டுக்கு விருந்தாளியாகப் போக முடியும்?

அக்கா தொடக்கப் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும்போது, 'விடுமுறையில் நான் சென்ற இடம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். அக்கா ஒரு பெரியம்மா வீட்டைப் பற்றி எழுதினாராம். அங்கே ஆடுகள், ஊஞ்சல், மீன் குட்டை எல்லாம் உண்டு. கிளம்பும்போது பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாராம். ஆசிரியர் மகிழ்ந்துபோய் வகுப்பில் வாசிக்கச் சொல்லிவிட்டார். எங்களுக்கு அப்படி ஒரு பெரியம்மாவே இல்லை. பொய் எழுதிவிட்டோமே என்று வீட்டுக்கு வந்து அழுதவரை அம்மா சமாதானப்படுத்தவே முடியவில்லையாம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா எழுந்து வெளியே போய்விடுவார்.

ரப்பர் மரங்களை எடுத்துவிட்டுத் தோட்டத்தைச் செம்பனை எண்ணெய் மரங்களுக்கு மாற்றியபோது நாங்கள் செனாய்க்கு வந்தோம். அக்கா முதலில் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிறகு சிங்கப்பூரில் ஒரு தங்கும் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. விடியும் முன்பே பேருந்து ஏறி, எல்லைப் பாலத்தைத் தாண்டி, மாலையில் கால் வீங்கித் திரும்புவார். என்னைப் படிக்க வைத்ததும் வீட்டைத் தாங்கியதும் அந்தக் கால்கள்தான். அங்கே கற்ற ஒரு பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் இழுத்துச் சரிசெய்யாமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். கல்யாண வீட்டில்கூட மணமக்கள் அறைக்குள் புகுந்து விரிப்பை இழுத்துவிட்டு வந்தவர் அவர்.

அத்தான் லோரி ஓட்டுநர். அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியதை எழுதி இந்தத் தாள்களை வீணாக்க எனக்கு விருப்பமில்லை. அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அத்தானின் அப்பா விட்டுப்போன ஐந்து ஏக்கர் நிலம் ரெங்கத்தை அடுத்து இருந்தது. டுரியான், ரம்புத்தான் பழ மரங்கள், ஓர் ஆட்டுக் கொட்டகை. அங்கே மூன்று மரக் குடிலும் நான்கு கூடாரமும் போட்டுக் குடும்பங்களைத் தங்க வைக்கப்போவதாக ஒரு தீபாவளியன்று அக்கா அறிவித்தார். 'கிளாம்பிங்' என்ற சொல்லை அன்றுதான் நான் கேள்விப்பட்டேன்.

"கூடாரத்துக்குள்ள கட்டில் போட்டு, ஃபேன் மாட்டி, அதுல ஆளுங்க வந்து தங்குவாங்களாமா? ஏன் க்கா, லயத்துல நாம பட்ட கஷ்டத்தை இப்ப ஊருக்கே காட்டப்போறியா?" என்று கேட்டேன்.

"லீவுக்குப் போக ஒரு வீடு வேணும்லா எல்லாருக்கும். சொந்தக்காரங்க வீடு மாதிரி. நமக்கு இருந்துச்சா?"

தோற்கும் பேச்சில் வேறு விஷயத்துக்குத் தாவுவது என் குணம். குளியலறை நன்றாக இல்லாவிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்றேன். "சரி, நீயே வந்து டைல்ஸ் எடு" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் சனி ஞாயிறுகளில் நானும் அங்கே மாட்டிக்கொண்டேன். முதல் கூடாரத்தை டுரியான் மரத்தடியில் அடித்தது என் யோசனை. நிழல் அருமையாக இருந்தது. தேங்காய் கனத்தில் முட்காய் விழும் பருவத்துக்கு முன்பே அத்தான் வந்து பார்த்ததால் யார் மண்டையும் உடையவில்லை.

அக்கா செய்த தவறு என்னுடையதைவிடப் பெரியது. முதல் விருந்தினர்கள் வந்த மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, கொட்டகையில் தொங்கிய தண்டவாளத் துண்டைக் கணகணவென்று அடித்துவிட்டார். தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் கூட்ட அப்படித்தான் அடிப்பார்கள். வேலைக்குப் போகும் முன் எல்லாரும் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் இடம் பெரட்டு. மனிதர்களைக் காலையில் எழுப்ப வேறு வழி இருக்கிறது என்பதே அவருக்குத் தோன்றவில்லை. ஒரு மலாய்க்காரர் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து, தூங்கும் மகனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அக்கா கோப்பி நிறைந்த ஜக்கோடு சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"அலமாக், லீவுக்கு வந்தவங்களப் பெரட்டுக்குக் கூப்பிட்டுட்டேனே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆனால் அந்தப் பையன் மறுநாளும் மணியடிக்கச் சொன்னான். அன்றிலிருந்து எட்டு மணிப் பெரட்டு வழக்கமானது. பிள்ளைகள் பல் துலக்கிய வாயோடு வரிசையில் நிற்பார்கள். அக்கா பழைய நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி வேலை கொடுப்பார். ஒருவருக்கு முட்டை பொறுக்குவது, ஒருவருக்கு ஆட்டுக்குத் தழை, சின்னவர்களுக்கு மீன் குட்டையில் ரொட்டித் துண்டு போடுவது. எங்கள் பெற்றோர் பயத்தோடு நின்ற பெரட்டுக்குப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். அதைப் பார்க்க அப்பா இல்லையே என்று நான் நினைத்த நாள்கள் உண்டு.

மலாய்க் குடும்பத்தினர் ஹலால் பார்த்துச் சாப்பாட்டுக்குத் தயங்குவார்கள் என்று தனிச் சமையலறை கட்டி, யாரும் தொடாத புதுப் பாத்திரங்களை வைத்து, சாவியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்காக ஒரு குடிலின் படியை இடித்துச் சரிவாக்கினார். குடிக்க இடம் தேடி வந்த இளைஞர் கூட்டத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அவர்களும் "சாரி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

எல்லாவற்றையும்விட அந்த கேட். வீடு திரும்பும் குடும்பங்களின் வண்டி வரும்போது குறுக்கே இரும்புச் சங்கிலியைப் போட்டு அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார் அக்கா. கண்ணாடியை இறக்கி எல்லாரும் "போயிட்டு வரேன்" என்று தமிழில் சொல்லவேண்டும். சீனராக இருந்தாலும் மலாய்க்காரராக இருந்தாலும் அதேதான். 'பை' சொன்னால் சங்கிலி இறங்காது. எல்லாரும் சொன்ன பிறகு, "போயிட்டு வாங்க" என்று இறக்கிவிடுவார். நாலாம் ஆண்டுக் கட்டுரையில் வந்த பெரியம்மா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அந்தச் சங்கிலி மாதக்கணக்கில் இறங்கவில்லை. கூடாரத் துணியில் பூசணம் பிடித்தது. அக்கா தினமும் மெத்தைகளை வெயிலில் போட்டு, மாலையில் எடுத்து, யாரும் வராத கட்டில்களுக்கு விரிப்பு மாற்றினார். "வந்து நிக்கிறப்ப ஈர வாடை அடிக்கக்கூடாதுலா" என்பார். மீண்டும் திறந்தபோது முதலில் வந்தவர்கள் ஜொகூர் பாருவில் இருக்கும் ஒரு சீனக் குடும்பம். அவர்களின் கடைக்குட்டி மெய், காரிலிருந்து இறங்கியதும் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு பள்ளி விடுமுறைகூட அவர்கள் தவறியதில்லை.

மார்பகப் புற்றுநோய் வந்ததை அக்கா எங்களிடம் இரண்டு மாதம் மறைத்தார். விடுமுறைக் காலம் முடியட்டும் என்று காத்திருந்தாராம். அதற்காக நான் அவரைத் திட்டியது போல வேறு எதற்கும் திட்டியதில்லை. சிகிச்சைக்கு இடையிலும் வந்து சங்கிலியைப் பிடித்தார். நிற்க முடியாதபோது நாற்காலி போட்டு உட்கார்ந்து பிடித்தார்.

கடைசி மாலை மருத்துவமனையில் நான் உடனிருந்தேன். எனக்கு இரவு வேலைக்கு நேரமாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஏண்டி, சொல்லிட்டுப் போ" என்றார் அக்கா.

"ஆஸ்பத்திரில அதெல்லாம் சொல்லக்கூடாது க்கா."

"நீ என்னைப் பாக்க வர்றியா, ஆஸ்பத்திரியப் பாக்க வர்றியா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சொல்லவில்லை. கையை அசைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை அவர் போய்விட்டார்.

இறுதிச் சடங்கு பண்ணையில்தான் நடந்தது. வருவதாக இருந்த குடும்பங்களுக்கெல்லாம் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மெய்யின் குடும்பம் மட்டும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது. அன்று காலையே அத்தான் என்னிடம் சொல்லியிருந்தார். "எல்லாத்தையும் எடுத்துடலாம்மா. செம்பனை போடக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவ இல்லாம கேட்ல யாரு நிப்பா?" சரி என்று தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் எதிர்த்துப் பேசாத நாள் அது ஒன்றுதான்.

மின்சுடலைக்குப் போனவர்கள் திரும்பிக் குளித்த பிறகு, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் இல்லை அல்லவா. தலையைக் குனிந்து, பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போனார்கள். சங்கிலி காலையிலிருந்தே மண்ணில் கிடந்தது.

மெய் குடும்பத்தின் கார் கேட்டைத் தாண்டி நின்றது. கதவு திறந்து அவள் இறங்கி ஓடி வந்தாள். மண்ணில் கிடந்த சங்கிலியை இரண்டு கையாலும் இழுத்து, மூச்சு வாங்க, கொக்கியில் மாட்டினாள். பிறகு வெளிப்பக்கமாக நின்று, வீட்டைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

"போயிட்டு வரேன், ஆன்ட்டி!"

எல்லாரும் கேட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். தங்காக்கிலிருந்து வந்திருந்த அத்தானின் பெரியப்பா பதறி எழுந்தார். "இங்க அப்படிச் சொல்லக்கூடாதும்மா, தப்பு" என்றார். அவளுக்கு அது புரியவில்லை. புரிந்திருந்தாலும் போயிருக்கமாட்டாள். மறுபக்கத்திலிருந்து பதில் வரவேண்டும், அதுதானே அக்கா போட்ட சட்டம்? அவள் காத்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா அவளைப் பார்த்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

நான் எப்படி நடந்து போனேன் என்று தெரியவில்லை. சங்கிலியைக் கையில் பிடித்தேன். முந்தாநாள் சொல்லாமல் விட்ட சொல் நெஞ்சில் கிடந்து அடித்துக்கொண்டது. "போயிட்டு வாங்க, மெய்" என்று சொல்லிச் சங்கிலியை இறக்கினேன். அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினாள். அதற்குப் பிறகுதான் நான் அழுதேன். வாய்விட்டு அழுதேன்.

அத்தான் ஈர வேட்டியோடு பக்கத்தில் வந்து நின்றார். கார் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த லீவுக்கு யாரெல்லாம் கேட்டிருந்தாங்கன்னு பாரு" என்றார்.

இப்போது நான் செனாய் வேலையை விட்டுவிட்டு இங்கேதான் இருக்கிறேன். எட்டு மணிப் பெரட்டுக்கு நான் மணியடிக்கிறேன். என் விரிப்புகளில் சுருக்கம் இருக்கிறது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு கூடாரம் ஐந்தாகியிருக்கிறது. ஐந்தாவதும் டுரியான் மரத்தடியில் இல்லை.

அக்காவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், ஆட்டுக் கொட்டகையை ஒரு மாதம் தம் வீட்டு வேலை போலப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து மலாய் நண்பர்களுக்கும், பந்தல் போட்டுத் தண்ணீர் தூக்கிய ரெங்கம் கோயில் இளைஞர்களுக்கும், பதினாறு நாளும் சமையல் பார்த்த சொந்தங்களுக்கும், சிங்கப்பூரிலிருந்து விடுப்பெடுத்து வந்த அக்காவின் பழைய தோழியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று மெய்யை அதட்டாமல் உட்கார்ந்துவிட்ட பெரியப்பாவுக்குத் தனி நன்றி.

இன்று முதலாம் ஆண்டுத் திதி. சாப்பிட்டுவிட்டு யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பது முறை. பெரியப்பாவிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டேன். "நான் காதைப் பொத்திக்கிறேன், நீ என்னமோ செய்" என்றார். அதனால் நீங்கள் கிளம்பும்போது கேட்டில் நான் சங்கிலியோடு நிற்பேன். பக்கத்தில் அக்காவின் படம் இருக்கும். அன்று மாலை ஆஸ்பத்திரியில் நான் விழுங்கிவிட்டு வந்ததை நீங்களும் விழுங்காதீர்கள். அவர் முகத்தைப் பார்த்து, "போயிட்டு வரேன் க்கா" என்று சொல்லுங்கள். சொல்லாமல் போனால் கேட் திறக்காது.