நான் எழுதிக் கொடுத்த வால்வு

1. ஒரு வளையம்

அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் இருபது வருடம் இருந்துவிட்டு, பெரம்பலூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரிக்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஆபரேட்டராகப் போனேன். ஆலையில் சுண்ணாம்புக்கல்லும் கிளிங்கரும் மட்டும்தான் என் கைக்கு வரும். கல்லூரியில் எதை வேண்டுமானாலும் கொண்டுவருவார்கள். துருப்பிடித்த கம்பி, பல் டாக்டரின் சிமெண்ட், ரஞ்சன்குடி கோட்டைச் சுவரின் பழைய சாந்து என்று எல்லாம் வந்திருக்கின்றன. மெஷினுக்கு ஏசி உண்டு. அதன் புண்ணியத்தில் எனக்கும் உண்டு.

பொருளின் மேல் எலக்ட்ரான் கற்றையை விட்டால், அதில் உள்ள தனிமங்கள் திரையில் கோபுரம் கோபுரமாக எழும்பும். எந்தக் கோபுரம் எது என்று மெஷினே பெயர் எழுதிவிடும். நான் கையெழுத்துப் போட வேண்டும். இதற்காகக் கல்லூரியில் என்னை விஞ்ஞானி மாதிரி நடத்தினார்கள். நானும் மறுக்கவில்லை.

ஒரு பங்குனி மாதம் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். காக்கிக் கவரிலிருந்து ஒரு கரிய வளையத்தை எடுத்து மேஜையில் வைத்தார். கட்டைவிரல் நுழையும் அளவுதான் இருக்கும்.

"ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காட்டுல ஒரு பாடி சார். வெட்டி அடுக்கி வச்சிருந்த வெறகோட சேந்து எரிஞ்சிருக்கு. பொம்பளைன்னு மட்டும் டாக்டர் சொல்லிட்டாரு, வேற ஒண்ணும் தெரியல. சாம்பல சலிச்சப்ப இது கெடச்சுது. சென்னைக்கு அனுப்புனா ரிப்போர்ட் வர மாசக்கணக்காவும். நீங்க ஒரு பார்வ பாத்துச் சொன்னீங்கன்னா எங்களுக்கு ஒரு லைன் கெடைக்கும்."

வாய்மொழியாகச் சொன்னால் போதும் என்றுதான் அவர் கேட்டார். எங்கள் துறைத் தலைவர் விடவில்லை. "லெட்டர்ஹெட்லயே குடுத்துடுங்க. காலேஜுக்கு நல்ல பேரு" என்றார்.

கழுவித் துடைத்து மெஷினுக்குள் வைத்தேன். கோபால்ட், குரோமியம், டங்ஸ்டன். பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். லாரி எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வ் வந்து உட்காருகிற வளையத்தை இந்தக் கலவையில் செய்வார்கள் என்று நான் படித்திருந்தேன். நிக்கல் கொஞ்சம் அதிகமாக இருந்தது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்று விட்டுவிட்டேன். வளையத்தின் உள்பக்கம் இரண்டு மெல்லிய வளைவுகள் நீட்டிக்கொண்டிருந்தன. தீயில் ஏதோ உருகி ஒட்டியிருக்கிறது என்று அதையும் விட்டுவிட்டேன்.

ரிப்போர்ட்டில் இரண்டு வாக்கியம் எழுதினேன். 'கோபால்ட்-குரோமியம்-டங்ஸ்டன் உலோகக் கலவை. கனரக வாகன எஞ்சினின் வால்வ் சீட்.' முதல் வாக்கியம் மெஷின் சொன்னது. இரண்டாவது நான் சொன்னது. இரண்டுக்கும் கீழே ஒரே கையெழுத்து, ஒரே சீல்.

அந்த வளையம் சாம்பலில் எந்த இடத்தில் கிடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சப்-இன்ஸ்பெக்டருக்கும் தெரிந்திருக்காது. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அள்ளிக்கொண்டு வந்துதான் சலித்திருக்கிறார்கள்.

2. லைன் கிடைத்தது

அந்தத் தோப்பின் ஓரத்தில் கலியமூர்த்தி என்பவர் லாரி பட்டறை வைத்திருந்தார். முந்திரிக்காட்டில் எரிந்த உடல், அதோடு எஞ்சின் பாகம், கூப்பிடு தூரத்தில் மெக்கானிக். இதற்குமேல் ஒரு ஸ்டேஷனுக்கு என்ன வேண்டும்? வேறெங்கோ கொன்று, பட்டறை வண்டியில் ஏற்றிவந்து, விறகில் போட்டுக் கொளுத்தியிருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று முதல் நாளே அவரிடம் கேட்டார்களாம். தெருவின் பெயரைக் கேட்டதும் சந்தேகம் இன்னும் உறுதியாகிவிட்டதாம்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது இவ்வளவுதான்: விசாரணையில் 'அறிவியல் பூர்வமான முன்னேற்றம்' என்று பேப்பரில் நாலு வரி வந்தது. துறைத் தலைவர் அதை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். நான் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் ஒருமுறை படித்துவிட்டுப் போவேன்.

3. பிலோமினா

இரண்டு வாரம் கழித்து சப்-இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். முகம் வாடியிருந்தது.

"அந்தாளு எதையும் ஒத்துக்க மாட்டேங்கிறான் சார். எந்த மாடல் வண்டியோட சாமான்னு சொல்ல முடியுமா? அவன் பட்டறையில நிக்கிற வண்டியோட மேட்ச் பண்ணிடலாம்."

வளையத்தை மறுபடி உள்ளே வைத்தேன். திரை நிறைய அதன் முழு உருவம் வந்தது. எங்கள் லேப் அசிஸ்டென்ட் பிலோமினா அப்போது உள்ளே வந்தார். வரதராசன்பேட்டைக்காரர், நாற்பது வயதிருக்கும். முதல் தடவை வளையம் வந்த அன்று அவர் லீவு. திருச்சி ஆஸ்பத்திரியில் செக்கப்புக்குப் போயிருந்தார். சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சலில் இருதயம் கெட்டுப்போய் ஆபரேஷன் செய்துகொண்டவர் என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் நான் விசாரித்ததில்லை.

திரையைப் பார்த்தபடியே நின்றார்.

"சார், இது யாரோடது?"

"யாரோடதும் இல்ல. லாரி சாமான்" என்றேன்.

"இல்ல சார். எனக்குள்ள வச்சிருக்கறது இதான்." நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஆபரேஷனுக்கு முந்தின நாளு டாக்டர் ஒண்ண எங்கையில குடுத்துக் காட்டுனாரு. சுத்தித் துணி வச்சுத் தச்சிருந்துச்சு. நடுவுல வெள்ளையா ஒரு தட்டு. அந்தத் தட்டு வெளிய வந்துடாம ரெண்டு கம்பி வளைச்சிருந்துச்சு. தோ, அதே கம்பி."

நான் சிரித்தேன். அதை இங்கே எழுதத்தான் வேண்டும். ஆலையும் கல்லூரியுமாக முப்பது வருட அனுபவம் என்பது சில சமயம் அப்படிச் சிரிக்க மட்டும்தான் பயன்படுகிறது.

சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. போனை எடுத்து, சாம்பலை அள்ளுவதற்கு முன்னால் ஒரு கான்ஸ்டபிள் எடுத்திருந்த போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றைப் பெரிதாக்கி என் முன்னால் நீட்டினார். விலா எலும்புகளுக்கு நடுவே, கொஞ்சம் இடது பக்கமாக, அந்த வளையம் கிடந்தது.

நிக்கல் ஏன் அதிகம் என்று அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். மனித உடம்புக்குள் வைக்கிற கோபால்ட் கலவையில் அது அந்த அளவு இருக்கும். உள்ளே நீட்டியிருந்த வளைவுகள் உருகி ஒட்டியவை அல்ல. ஒரே துண்டு உலோகத்திலிருந்து வளையத்தோடு சேர்த்துக் கடைந்து எடுத்தவை. தட்டு பிளாஸ்டிக், துணி பாலியெஸ்டர், இரண்டும் எரிந்துபோயின. மெஷின் முதல் நாளே எல்லாவற்றையும் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. வால்வ் என்று நான் எழுதியதும் ஒருவகையில் சரிதான். எஞ்சினைத்தான் மாற்றி எழுதிவிட்டேன்.

4. மகள் கேட்ட கேள்வி

வால்வ் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும். பிலோமினா போகிற ஆஸ்பத்திரி டாக்டரிடம் சப்-இன்ஸ்பெக்டர் பேசினார். எங்கள் பக்கத்தில் பரிசோதனைக்கு வராமல் விட்டுப்போன பெண்கள் மூன்று பேர். இரண்டு பேர் போனை எடுத்தார்கள். மூன்றாவது மீன்சுருட்டி பக்கம் அஞ்சலை என்ற அம்மாள். தனியாக இருந்தவர். முந்திரித் தோப்புகளில் கூலி வேலை.

பக்கத்து வீட்டுக்காரர், "அது திருப்பூர்ல மக வூட்டுக்குப் போயிருக்குதுங்க" என்றார். மகளோ, "அம்மா ஊருலதாங்க இருக்கும். எம்மேல கோவம், பேசறதில்ல" என்றாள். இரண்டு பக்கத்தாரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். மகளின் ரத்தத்தை வைத்துப் பார்த்ததில் அஞ்சலைதான் என்று உறுதியானது.

மாத்திரை தீர்ந்துபோய் வாங்காமல் விட்டிருக்கிறார். வால்வில் ரத்தம் உறைந்து தட்டு அசையாமல் நின்றிருக்கும், நிழலுக்கு விறகு அடுக்கின் ஓரம் உட்கார்ந்தவர் அப்படியே போயிருப்பார் என்றார் டாக்டர். பக்கத்துத் தோப்பில் சருகு கூட்டிக் கொளுத்திய தீ காற்றில் தாவி விறகைப் பிடித்ததைத் தோப்புக்காரர் கடைசியில் ஒத்துக்கொண்டார். அதுவரை அவரை யாரும் கேட்கவில்லை. அறிவியல் பூர்வமான முன்னேற்றம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது.

திருத்திய ரிப்போர்ட்டைக் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனபோது அந்த மகளைப் பார்த்தேன். நான்தான் லேப்காரர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எழுந்து வந்தாள்.

"சார், தீப்புடிச்சப்ப எங்கம்மாவுக்கு உசுரு இருந்துச்சாங்க?"

இருந்திருக்காது என்று சொல்ல வாய் வரை வந்தது. அதைச் சொல்ல என்னிடம் ஒரு கோபுரமும் இல்லை.

"தெரியலம்மா. டாக்டர் இல்லன்னு நெனைக்கிறாரு. எனக்குத் தெரியல."

"எல்லாரும் கேட்டதுமே இல்ல இல்லன்னுட்டாங்க" என்றாள். பிறகு போய் உட்கார்ந்து அழுதாள். அதுவரை அவள் அழுததாகத் தெரியவில்லை.

5. பட்டறை

கலியமூர்த்தியைப் பன்னிரண்டு நாள் தினமும் வரவழைத்துவிட்டு, பதின்மூன்றாம் நாள் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லையாம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயங்கொண்டம் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பஸ் முழுக்க ஒத்திகை பார்த்ததில் ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை.

பட்டறையில் ஒரே ஒரு வண்டி நின்றது. மற்ற வண்டிக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். கலியமூர்த்தி ஐம்பது வயதுக்காரர். இடது கையைத் தோளுக்குமேல் தூக்காமலே வேலை செய்துகொண்டிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

"அந்த ரிப்போர்ட் குடுத்தது நான்தாங்க" என்றேன்.

ஸ்பேனரைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "உக்காருங்க" என்று ஒரு பழைய டயரைக் காட்டினார்.

"ரிப்போர்ட்ல எம்பேரு இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுனீங்க. எனக்கு ஒண்ணுதாங்க ஆறல. மொத நாளே அந்த வளையத்த எங்கையில குடுத்தாங்க. பாத்ததுமே சொன்னேன், சார், இது வண்டிச் சாமான் இல்ல, கையில வச்சா வெயிட்டே இல்ல, வால்வ் சீட்டுன்னா உள்பக்கம் சாய்வா கடைஞ்சிருக்கும், இதுல அது எங்கன்னு கேட்டேன். எலக்ட்ரான் மிசினே சொல்லுது, நீ பெரிய ஆளான்னாங்க."

எழுந்து உள்ளே போனார். கிரீஸ் படிந்த ஒரு டப்பாவைக் கிளறி எதையோ எடுத்து, வேட்டியில் துடைத்து என் கையில் வைத்தார். கனமாக இருந்தது. உள்விளிம்பு முழுக்கக் கத்தி வைத்துச் சீவினாற்போல் சாய்வு.

"இதாங்க வால்வ் சீட்டு."

அதன் கலவையில் எது எத்தனை சதவீதம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கையில் வாங்கிப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் ரிப்போர்ட் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தேன். பொருள் எங்கே கிடந்தது? இந்த மாதிரிப் பொருளைத் தினமும் கையாளுகிறவர் பார்த்தாரா, என்ன சொன்னார்? துறைத் தலைவர் படித்துப் பார்த்து, இரண்டாவது கேள்வி விஞ்ஞான முறைப்படி இல்லை என்று அடித்துவிட்டார். எரிந்த செயற்கை வால்வைப் பற்றி அவர் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்து நல்ல பெயரும் வாங்கினார். நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இருந்தது, எழுத்துப்பிழையோடு. பிலோமினாவின் பெயர் இல்லை. கலியமூர்த்தியின் பெயர் இருக்க வாய்ப்பே இல்லை.

ஓய்வு பெறுகிறவரை அந்த இரண்டாவது கேள்வியை ஒவ்வொரு படிவத்திலும் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் அதை வெறுமையாக விட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மெஷின் சொல்கிற முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.