வானமாமலை தொடுத்த முற்றுகை

தமிழுக்குத் தொண்டு செய்வதற்கென்றே பிறந்தவர்களில் நாங்குநேரி வானமாமலையும் ஒருவர். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வேறு சாட்சி கிடைக்கவில்லை. இளவயதில் பம்பாய் வந்தார். சயானில் ஒரு சாயக் கிடங்கில் குமாஸ்தா ஆனார். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அவர் குடியிருந்த ஒற்றை அறையின் கதவில் ‘சொல்லாய்வு மன்றம்’ என்று பலகை தொங்கியது. உறுப்பினர்கள் நால்வர். இருவர் ஊருக்குப் போனவர்கள், திரும்பவில்லை. மூன்றாமவருக்குக் காது கேட்காது; ஆகவே அவர் மட்டும் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. நான்காமவர் வானமாமலை.

இவருடைய வாழ்வின் சிகரம் 1968ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்தது.

அவர் வசித்த சந்துக்கு இருந்தது ஒரே குழாய். பழுது பார்ப்பதாகச் சொல்லி அதன் பித்தளைத் தலையைக் கழற்றிப் போன குழாய் ஆபீஸ் ஆட்கள் இருபத்திரண்டு நாளாகத் திரும்பவில்லை. பெண்கள் இரண்டு தெரு தாண்டிப் போய் அந்நியக் குழாயில் வசவு வாங்கித் தண்ணீர் பிடித்தார்கள். ஆறுமுகத்தாய்க்கு அதுவும் போதவில்லை. அவள் தோல் பட்டறை ஆட்களுக்கு விடியற்காலையில் இட்லி விற்பவள். அரிசி ஊற, அரைக்க, அவிக்க, கழுவ எல்லாவற்றுக்கும் தண்ணீர். பட்டறைக்காரர்கள் ஈரானிக் கடைப் பாவ் ரொட்டிக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். இன்னும் ஒரு வாரம் போனால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான்.

அந்நாளில் ‘கெராவ்’ என்ற சொல் பத்திரிகைகளில் புதிதாகப் பரவிக்கொண்டிருந்தது. குழாய் ஆபீசைக் கெராவ் செய்வதென்று பெண்கள் முடிவெடுத்தார்கள். அந்த ஆபீசின் பெயர் இங்கே வேண்டாம். எழுத்தில் மனு இல்லாமல் அங்கே எவரும் முகம் கொடுக்க மாட்டார்கள். எனவே ஆறுமுகத்தாய் வானமாமலையிடம் வந்தாள்.

“அண்ணாச்சி, நாலு வரி எழுதிக் குடுங்க. குழாயை மாட்டலைன்னா சனிக்கிழமை கெராவ்னு.”

“கெராவா? தமிழச்சி வாயில் வரக்கூடிய சொல்லா இது? கேர்னா என்றால் இந்தியில் வளைத்துக்கொள்வது. நம்மிடம் முற்றுகை இருக்கிறதே! முற்றுதல் என்றால் சூழ்தல், முதிர்தல், நிறைவடைதல். அந்தக் காலத்தில் கோட்டையை வளைத்தவன் உழிஞைப் பூ சூடினான். உள்ளே இருந்து காத்தவன் நொச்சி சூடினான்.”

“பூவெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. தண்ணி வந்தாப் போதும்.”

“நீ போ. நான் பார்த்துக்கொள்கிறேன்.”

பார்த்துக்கொண்டார். மூன்று இரவும் இரண்டு பகலும் எழுதினார். கிடங்குக்கு வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினார். பதினோரு பக்கம் வந்தது.

சனிக்கிழமை காலை, இஸ்திரி போட்ட ஜிப்பாவோடு அவர் ஆபீசுக்குள் போனார். பெண்கள் வாசலில் நின்றார்கள். அதிகாரி வெங்கடராமன் மாட்டுங்காக்காரர். இவரும் சொற்பித்தர் என்பது விதியின் விளையாட்டு. முதல் பக்கத்திலேயே அவர் முகம் மலர்ந்தது.

“பேஷ், ஓய்! ஆனா இங்கிலீஷை விட்டுட்டேரே. முற்றுகையை அவா சீஜ்ம்பா; மூலத்துல அதுக்கு ஆசனம், உட்கார்றதுன்னு அர்த்தம். கோட்டைக்கு முன்னாடி போய்ச் சம்மணம் போட்டு உட்கார்றது.”

“அப்படியா? அது அடிக்குறிப்பில் வர வேண்டியது!”

இருவரும் அடிக்குறிப்பு எழுதத் தொடங்கினார்கள். பதினொன்றரை மணிக்கு ஆறுமுகத்தாய் உள்ளே வந்தாள்.

“சாமி, எங்க குழாய் என்னாச்சு?”

“எந்தக் குழாய்?” என்றார் வெங்கடராமன்.

“அந்தக் காயிதத்துல எழுதியிருக்கே.”

வெங்கடராமன் பதினோரு பக்கத்தையும் புரட்டினார். மறுபடி புரட்டினார். உழிஞை இருந்தது, நொச்சி இருந்தது, அகழி இருந்தது, மதில் இருந்தது. குழாய் இல்லை.

வானமாமலை தொண்டையைக் கனைத்தார். “அது முடிவுரையில் வருவதாக இருந்தது.”

ஆறுமுகத்தாய் முந்தானையை இழுத்துச் செருகினாள். வெளியே போய், “ஏளா, குடத்தை எடுத்தாங்க” என்றாள்.

லேபர் கேம்ப்பில் ஒரு சட்டம் உண்டு. வரிசையில் குடம் வைத்தால் ஆள் நிற்பதற்குச் சமம். வைத்தவள் சமைக்கப் போகலாம், பிள்ளை குளிப்பாட்டப் போகலாம். அந்தக் குடத்தை இன்னொருவர் தொட்டு நகர்த்தினால் அதன் பிறகு அவர் அந்தச் சந்தில் மனிதராக வாழ முடியாது. அன்று நாற்பத்தேழு குடங்கள் வந்தன. அதிகாரியின் மேசையில் தொடங்கி, அறையைச் சுற்றி, வாசற்படி இறங்கி, தெருமுனை வரை நெருக்கியடித்து நின்றன. வைத்துவிட்டுப் பெண்கள் சோறு வடிக்கப் போய்விட்டார்கள். காவலுக்கு ஆறுமுகத்தாய் மட்டும்.

உலக யுத்த சரித்திரத்தில் படைவீரர்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்க நடந்த முற்றுகை வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டரைக்கு வெங்கடராமனின் சாப்பாட்டு டப்பா வந்தது. டப்பாவாலா குடங்களைப் பார்த்தான், தெருமுனையிலேயே நின்றுகொண்டான்.

“பிச்சையா! இதையெல்லாம் ஓரமா எடுத்து வை!”

பியூன் பிச்சையா அசையவில்லை. “சார், அடிச்சாலும் தொடமாட்டேன். மூணாவது குடம் எம் பொண்டாட்டி வச்சது. நான் வீட்டுக்குப் போவாண்டாமா?”

“ஓய் வானமாமலை, நீராவது நகர்த்தும்!”

வானமாமலை குடங்களைப் பார்த்தார். ஆறுமுகத்தாயைப் பார்த்தார். மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். தமக்கும் பசிப்பதாக மெல்லிய குரலில் சொன்னார்.

தெருமுனையில் நின்ற ரசத்தின் நினைப்பை வெங்கடராமன் ஒன்றேகால் மணி வரை தாங்கினார். பிறகு ஒரு துண்டுக் காகிதம் எடுத்தார். இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறுமுகத்தாய் தலையசைத்த பிறகே பிச்சையா அதை வாங்கிக்கொண்டு குடங்களுக்கு இடையே கால் கட்டைவிரலை ஊன்றி ஊன்றி வெளியேறினான். அத்தனை நாளும் அலமாரியில் தூங்கிய பித்தளைத் தலையோடு, குழாய் மாட்டும் பிட்டர் சந்துக்குப் புறப்பட்டார்.

நான்கு மணிக்குத் தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் நிறம், பிறகு தெளிவு. ஆறுமுகத்தாய் முதல் குடத்தை நிரப்பி நேரே அரிசிப் பானையில் கொட்டினாள். ஆபீசில் நின்ற அதே வரிசையில் குடங்கள் குழாயடிக்கு வந்திருந்தன.

வானமாமலையும் வாளியோடு வந்தார். ஜிப்பாவைக்கூட மாற்றவில்லை. நேரே முன்னால் போய் வாளியை வைத்தார்.

“அண்ணாச்சி, வரிசை.”

“ஏம்மா, முற்றுகையில் நானும்தானே இருந்தேன்! காலையிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் இருந்தேனே!”

“இருந்தியதான். நீங்க உள்ளல்லா இருந்திய” என்றாள் ஆறுமுகத்தாய். வாளியை அவர் கையில் கொடுத்து, நாற்பத்தேழாவது குடத்துக்குப் பின்னால் இடம் காட்டினாள்.