கடல் தாண்டாத ஆப்பிள்

காலையில் முதல் வேலை அழுகலைப் பொறுக்குவது. அதைச் செய்கிறவள் நொட்டாங்கை. பழக் கிடங்கில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், இடது கைக்காரி. குளிர் அறைக் கதவைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அறையும். பெட்டிக்குள் கையை விட்டால், மேலே பளபளக்கும் பழத்துக்கு அடியில் ஒன்று கூழாகிக் கிடக்கும். கட்டைவிரல் உள்ளே போய்விடும். வாளியில் உதறிவிட்டு அடுத்த பெட்டி. ஆப்பிளை அவள் வாயில் வைத்து வருஷக்கணக்காகிறது. பார்த்தாலே குமட்டும்.

கிடங்குக்கு இரண்டு வாசல். முன்வாசல் வழியே உள்ளூர் ஆப்பிள் வெளிநாட்டுக்குப் போகும். பின்வாசல் வழியே வெளிநாட்டு ஆப்பிள் உள்ளே வரும். போவதைத் தாளில் சுற்றி அடுக்குவதும் அவள், வந்ததற்கு ஸ்டிக்கர் ஒட்டுவதும் அவள். துறைமுகத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கொண்டுவருகிறவன் அவள் புருஷன், லாரி டிரைவர்.

சேர்ந்த புதிதில் முதலாளியிடம் கேட்டிருக்கிறாள். "நம்மகிட்டயே இருக்கே ஐயா, அப்புறம் எதுக்கு அங்கேருந்து வாங்கறோம்?"

"நம்ம மரத்துல காய்க்கிறது சின்னதும்மா. அங்கே பிள்ளைங்க சாப்பாட்டு டப்பாவுல வைக்கச் சின்னதுதான் கேக்கறாங்க, நல்ல விலையும் குடுக்கறாங்க. நம்மாளுக்குப் பெரிசா இருந்தாத்தான் பழம். அது அங்கே கொட்டிக் கிடக்கு. போன கன்டெய்னர் பெட்டி காலியாத் திரும்பினா வாடகை யாரு குடுப்பா? காத்தையா ஏத்திட்டு வர முடியும்?"

சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அவள் தொண்டையில் அது இறங்கவே இல்லை. காரணம், அண்ணன். அவனுக்குச் சொந்தமாக ஆப்பிள் தோட்டம். இந்த வருஷம் அந்த நாட்டில் குறைவாகக் கேட்டார்கள் என்று முதலாளி அவனிடம் கொஞ்சம்தான் எடுத்தார். மிச்சம் மரத்தடியில் குவிந்து ஈ மொய்த்தது. உள்ளூர்க் கடைகளுக்காவது போடுங்கள் என்று கெஞ்சினான். "உன் பழத்தை இங்கே எவன் தொடுவான்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மரங்களை வெட்டி விறகுக்குப் போட்டுவிடப் போவதாக அண்ணன் சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான்.

ஒரு மழை நாளில் பின்வாசலில் வந்து நின்ற சரக்கை அவள் பிரித்தாள். மேல் பெட்டியில் பழத்தைச் சுற்றியிருந்த தாள் இடப்பக்கமிருந்து மடிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது பெட்டியிலும் அப்படியே. அந்தக் கிடங்கில் இடமிருந்து மடிக்கிறவள் அவள் ஒருத்திதான். தாளைப் பிரித்தாள். உள்ளே சின்னப் பழம், அண்ணன் தோட்டத்துப் பழம்.

புருஷன் சக்கரத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, எதை ஏத்திட்டு வந்தீங்க?"

"ஆப்பிளைத்தான். பின்னே ஆனையையா?"

"கொண்டுபோனதையே கொண்டுவந்திருக்கீங்க."

அவன் கை நின்றது. துறைமுகத்தில் லாரியிலிருந்து கன்டெய்னர் பெட்டியைக் கழற்றி விட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறான். பக்கத்தில் அதே போல இன்னொரு வெள்ளைப் பெட்டி, அவன் இங்கே கொண்டுவர வேண்டியது. எழுந்ததும் பழக்க தோஷத்தில் தன் பெட்டியையே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். துறைமுக வாசலில் பெட்டி நம்பரைச் சரிபார்க்க வேண்டியவர் மழைக்குப் பயந்து சாவடியை விட்டு இறங்கவில்லை.

"அப்போ அவங்களோடது?"

"கப்பல்ல ஏறியிருக்கும்," என்றான் அவன். "அவங்க ஊருக்கே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் புளித்துப்போனது.

முதலாளி வந்தார். ஒரு பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி இருவரையும் பார்த்தார். "ஸ்டிக்கர் ஒட்டு," என்றார்.

"ஐயா, இது நம்ம..."

"தெரியுதும்மா. வெளியே தெரிஞ்சா உன் வீட்டுக்காரன் லாரிச் சாவியை வச்சிட்டுப் போக வேண்டியதுதான். கையை ஓட்டு, வாயை ஓட்டாதே."

ஒட்டினாள். அண்ணன் தோட்டத்துப் பழம் ஒவ்வொன்றின் மேலும் அந்நிய நாட்டுக் கொடி. பசை நகக்கண்ணில் ஏறியது. வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுத் தேய்த்தும் சோற்றில் அந்த வாடை அடித்தது.

கடைக்காரர்கள் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் புகழ்ந்தார்கள். சின்னதாக இருந்தாலும் அசல் வெளிநாட்டுச் சரக்கு என்றால் இதுதானாம். பக்கத்து வீட்டுக்காரி ஒரு துண்டை நறுக்கிக் கொண்டுவந்து நீட்டினாள். "தின்னு பாரு. கடல் தாண்டி வந்த ருசியே தனி." நொட்டாங்கை அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, அவள் தலை மறைந்ததும் சாக்கடையில் துப்பினாள். அந்த நாட்டிலிருந்தும் ஒரு புகாரும் வரவில்லை. அவர்களும் தங்கள் பழத்தையே தின்று சப்புக் கொட்டினார்களோ என்னவோ.

மறுபடி முதலாளியிடம் போய் நின்றாள். "நல்லாத்தானே போச்சு ஐயா. அண்ணன்கிட்ட மிச்சத்தையும் எடுத்து இங்கேயே விக்கலாமே?"

"போனது பழம் இல்லம்மா, ஸ்டிக்கர். உன் அண்ணன் பேரை ஒட்டிப் பாரு, ஈ கூட வராது."

"அதே ஸ்டிக்கரை..."

"ஒரு தடவை நடந்தா தவறுதல். தினமும் நடந்தா கேஸு. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நியாயவான் களை வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வந்தான். சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"வெட்ட ஆள் சொல்லிட்டேன். நாளைக்கு வர்றாங்க."

"அவசரப்படாதீங்க மச்சான்," என்றான் டிரைவர், தட்டைப் பார்த்தபடி.

"நீங்க சொல்லுவீங்க மாப்பிள்ளை. உங்களுக்கென்ன, போறப்பவும் கூலி, வர்றப்பவும் கூலி." அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். "கடைத்தெருவுல எல்லாரும் அந்தப் பழத்தைத்தான் பேசறாங்க. அதுவும் சின்னதுதானாமே? அப்போ அளவு இல்ல, ருசியிலதான் நம்மது மட்டமா? ரெண்டையும் தொடறவ நீ. நீ சொன்னா நம்பிடுறேன். மட்டம்னா வெட்டறேன். இல்லைன்னா இன்னொரு வருஷம் கட்டிட்டு அழறேன். சொல்லும்மா."

இல்லை என்று சொன்னால் எப்படித் தெரியும் என்பான். நடந்ததைச் சொன்னால் நேரே கடைத்தெருவுக்குப் போய் நின்று கத்துவான். கத்தாமல் அவனால் இருக்க முடியாது; அப்புறம் புருஷன் லாரிச் சாவியை வைக்க வேண்டியதுதான். ஆமாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. புருஷன் தலை இன்னும் கவிழ்ந்தது. அந்தக் குனிந்த பிடரியைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தன் விரல்களைப் பார்க்கவும்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன்," என்றான் அண்ணன்.

அவள் எழுந்து, தன் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு, கொல்லைப்பக்கம் போனாள்.