நெட்டி முறியும் சத்தம்

சில வருடங்களாகத் தாடி வைத்திருக்கிறேன். பார்ப்பவர்கள், "மாலை போட்டிருக்கீங்களா?" என்கிறார்கள். மனைவியின் தம்பி மட்டும், "இந்த வயசுல லவ் ஃபெயிலியரா மாமா?" என்று சிரிக்கிறான். கன்னத்தில் பிளேடு பட்டால் கரண்ட் அடிக்கும் என்பதை எத்தனை பேரிடம்தான் சொல்வது? பல்வலி என்று நினைத்து நல்ல கடவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் அது முகத்து நரம்பு என்று தெரிந்தது. மாத்திரைக்கு அடங்கும், போகாது. வெளியே வீக்கம் எதுவும் இல்லாததால் யாரும் நம்புவதில்லை. காலில் மாவுக்கட்டு போட்டவனைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

அப்பாவின் தங்கை சிதம்பரத்தில் இருக்கிறாள். சின்ன வயதில் லீவு விட்டதும் கடலூரில் பஸ் ஏறிவிடுவேன். ஜன்னல் சீட்டு எனக்குத்தான். வெள்ளாற்றுப் பாலத்துக் காற்று முகத்தில் மோதும், கண்ணை மூடிக்கொள்வேன். என்ன சுகம் அது! அத்தை வெங்காயம் அரிந்த கையோடு வாசலுக்கு ஓடிவருவாள். "எங்கண்ணே பட்டுடும்டா" என்று என் கன்னங்களை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பாள். பத்து விரலும் படபடவென்று முறியும். எனக்குக் கல்யாணமான பிறகும் அவள் விடவில்லை. வெட்கமாக இருக்கும். ஆனால் அதற்காகவே போவேன்.

வலி வந்த பிறகு ஒருமுறை போனபோது, அவள் கையை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "நரம்பு வலி அத்தே" என்றேன்.

"வாயுவா இருக்கும். அதுக்கு அத்தைய தள்ளிவுடுவியா? பெரிய ஆளாயிட்ட."

விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். பிறகு போனிலும் பேச்சு குறைந்துவிட்டது. அத்தையை இழந்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

போன மாதம் அவள் பேத்திக்குக் காதுகுத்து. வெயிலில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, காற்று படாதபடி ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்து போனேன். பந்தியில் அப்பளத்தைக் கடித்ததும் கன்னத்தில் கரண்ட் அடித்தது. கையால் பிடிக்கவும் முடியாது. கண்ணில் நீர் கொட்ட, இலைமேல் குனிந்தே இருந்தேன். நிமிர்ந்தபோது எதிரே சாம்பார் வாளியோடு அத்தை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ.

கிளம்பும்போது வாசலில் மறித்தாள். இரண்டு கைகளையும் தூக்கினாள். நான் பின்வாங்கினேன்.

"தொட மாட்டேன், நில்லுடா."

கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி, வெறுங்காற்றை மேலிருந்து கீழாக வழித்தாள். தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள். வயதான விரல்கள், ஒன்றிரண்டுதான் முறிந்தன. வெங்காய வாசனை அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வலிக்குதாடா?" என்று பதறினாள்.

"இல்ல அத்தே" என்றேன். "இன்னொரு தடவ பண்ணு."