காக்கை போன பெட்டி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பதுதான் அவருக்குச் சோறு போட்ட வேலை. சனிக்கிழமை மாலைகளில் ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் ஸ்டீல் கிட்டார் வாசிப்பார். அந்தக் கிட்டாரை மடியில் படுக்க வைத்து, இடது கையில் உருக்குத் துண்டு ஒன்றைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்க விட வேண்டும். அதனால் எல்லோருக்கும் அவர் கம்பியார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

அவரைப் பெரிய வித்துவான் என்று சொல்ல முடியாது. வேகமான பாட்டு வந்தால் தடுமாறுவார். ஆனால் ஒரு சுரத்தை நீட்டி நிறுத்துவதில் அவரிடம் ஏதோ இருந்தது. முடிந்துவிடும் என்று நாம் நினைக்கிற இடத்தில் அது முடியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் சிறிது தூரம் போகும்.

"ஊர்ல எவன் கம்பி நீட்டினாலும் பின்னாடியே போலீஸ் போகும். நீங்க நீட்டினா மட்டும்தான் கம்பியாரே, ஜனம் தட்டுலேர்ந்து தலையைத் தூக்குது" என்பார் குழுவை நடத்திய மாஸ்டர்.

"அதுவும் கொஞ்ச நேரந்தான் மாஸ்டர். சூப்பு ஆறிடுமில்ல" என்பார் இவர்.

அந்த நீட்டலில் கையின் பங்கு எவ்வளவு, பெட்டியின் பங்கு எவ்வளவு என்று அவர் யோசித்ததே இல்லை. கண்ணாடி போட்டிருப்பவன் கண்ணாடியைப் பார்ப்பதில்லை.

பெட்டி என்று அவர் சொன்னது அவருடைய பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரை. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. உள்ளே வால்வுகள் சிவந்து சூடேற வேண்டும். சூடானதும் ஒரு இரைச்சல் தொடங்கும், வாசிப்பு முடியும்வரை அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு குறையும் இருந்தது. வீடு மாறியபோது ஏதோ ஆணி பட்டு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்துவிட்டது. அவர் மனைவி மெல்லிய காகிதத்தை ஒட்டி, அதன் மேல் தன் நெயில் பாலிஷைப் பூசிக் கிழிசலை அடைத்தார். அரக்கு நிறம். ஒட்டு நன்றாகத்தான் பிடித்தது. தடித்த கம்பியில் ஒரே ஒரு சுரம் வரும்போது மட்டும் அந்த இடம் கரகரத்தது. வீட்டில் அதற்குக் காக்கை என்று பெயர். "உங்க காக்கை கத்துது, சோத்தைப் போடவா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்பார்.

அந்தக் காக்கையை விரட்டத்தான் பெட்டியை மச்சானிடம் கொண்டுபோனார். மனைவியின் அண்ணன். ரேடியோ, டி.வி. ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். வீட்டில் எது பழுதானாலும் அவரிடம்தான் போகும். வேறு கடைக்குக் கொண்டுபோவதை அந்தக் குடும்பத்தில் யாரும் கற்பனைகூடச் செய்ததில்லை.

"இரைச்சலைக் குறைச்சுக் குடு மச்சான். அப்படியே அந்தக் கரகரப்பையும் எடுத்துடு."

"எடுத்துடறேன் மாப்ளே. புதுப் பொண்ணு மாதிரி பேசும் பாரு."

பெட்டி திரும்பி வந்தபோது இரைச்சல் அடங்கியிருந்தது. காய்ந்துபோன கண்டென்சர்களை மாற்றியதாக மச்சான் சொன்னார், அது உண்மை. காக்கையும் இல்லை. "பின்பலகையை மட்டும் திறந்துடாதே. சுவிட்சை நிறுத்தினாலும் உள்ள கரண்ட் தங்கியிருக்கும், தூக்கி அடிச்சிடும்" என்றார். அதுவும் உண்மை. அவர் சொன்னவற்றில் பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது.

முதல் சனிக்கிழமை சந்தோஷமாகப் போயிற்று. அதற்கடுத்த வாரம்தான் கம்பியாருக்கு உறுத்தியது. சுரம் பளிச்சென்று கிளம்பியது, ஆனால் போக வேண்டிய இடத்துக்கு முன்பே தீர்ந்துபோனது. கம்பிகளை மாற்றினார். உருக்குத் துண்டை மாற்றிப் பார்த்தார். அழுத்தத்தைக் கூட்டினார், குறைத்தார். மறுபடி மச்சானிடம் போனார்.

மச்சான் பெட்டியின் மேல் தட்டிப் பார்த்தார். "பெட்டியில ஒண்ணும் இல்ல மாப்ளே. கையை நீட்டு."

நீட்டினார்.

"லேசா நடுங்குது பாரு. வயசாகுதில்ல? இத்தனை நாள் அந்த இரைச்சல்ல இதெல்லாம் அமுங்கிக் கிடந்துச்சு. இப்ப பெட்டி சுத்தமாயிருச்சா, உள்ளது உள்ளபடி கேக்குது."

நீட்டிப் பிடித்த எந்தக் கையும், உற்றுப் பார்த்தால் லேசாக அசையும். அது கம்பியாருக்குத் தோன்றவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கே வந்து நரம்புக்கு நல்லது என்று ஒரு எண்ணெய்ப் புட்டியைத் தங்கையிடம் கொடுத்தார். "ராத்திரி தேச்சு விடும்மா. பாவம், பிடிவாதக்காரர், தானா செய்ய மாட்டார்." மனைவியும் தேய்த்து விட்டார். தேய்க்கும்போது கணவரின் விரல்களைப் பார்ப்பார். பார்க்காததுபோல் வேறு எதையாவது பேசுவார். அந்தப் பேச்சுத்தான் கம்பியாரை அதிகம் பயமுறுத்தியது.

லென்ஸ் தேய்க்கிறவனுக்குக் கைதான் எல்லாம். கண்ணாடிக் கடை முதலாளியிடம் அவராகவே போய்ச் சொன்னார்: "மெல்லிசு லென்ஸ் எல்லாம் இனிமே வேற யார்கிட்டயாவது குடுங்க சார்." "ஏன், என்ன ஆச்சு? ஒண்ணுகூட நீங்க உடைச்சதில்லையே" என்றார் முதலாளி. "உடைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்" என்றார் இவர். மாஸ்டரிடமும் இந்த மாதத்தோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டார்.

மாஸ்டர் வருத்தப்பட்டார், மாற்று ஆளும் தேடினார். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யக்கூடிய மனிதர் அவர். "ஒருத்தர் கிடைச்சிருக்கார். வங்கியில வேலை. நீங்களே வந்து கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க கம்பியாரே."

ஒத்திகைக் கூடத்தில் வங்கிக்காரர் புதிதாகச் செய்த பளபளப்பான பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கம்பியார் சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். வாசிப்பு சுமார்தான். ஆனால் ஒவ்வொரு சுரமும் தீரும் இடத்தில் தீராமல் இன்னும் கொஞ்ச தூரம் போயிற்று. கம்பியார் தன் கையைப் பார்த்துக்கொண்டார். கை மடியில் சும்மா கிடந்தது.

அப்போது தடித்த கம்பியில் அந்தச் சுரம் வந்தது. காக்கை கத்தியது.

"உங்களை மாதிரியே இருக்கில்ல?" என்றார் மாஸ்டர், அவர் பக்கம் குனிந்து.

"மாதிரி இல்ல மாஸ்டர்."

வாசிப்பு நின்றதும் வங்கிக்காரரிடம் போய், உள்ளே பார்க்கலாமா என்று கேட்டார். அவர் பெருமையோடு பெட்டியைத் திருப்பி வைத்தார். பின்பக்கம் திறந்தேதான் இருந்தது. "பெட்டிதான் புதுசு. ஸ்பீக்கர் அந்தக் காலத்துச் சரக்கு. ஒரு ரிப்பேர்க் கடைக்காரர் நல்ல விலைக்குக் குடுத்தார். ரொம்ப வருஷமா பத்திரமா வச்சிருந்தாராம், மனசே இல்லாமத்தான் குடுத்தார்." ஸ்பீக்கரின் விளிம்பருகே, கட்டைவிரல் அகலத்தில், அரக்கு நிறத்தில் ஒரு பூச்சு. தூரிகை கடைசியில் சற்று இழுபட்ட அடையாளம்கூட அப்படியே இருந்தது.

அங்கிருந்து நேரே மச்சான் கடைக்குப் போனார். மச்சான் ஒரு ரேடியோவைத் திறந்துவைத்துக்கொண்டு சால்டரிங் செய்துகொண்டிருந்தார்.

"என் ஸ்பீக்கர் எங்க மச்சான்?"

மச்சான் நிமிரவில்லை. பொய் சொல்லலாமா என்று யோசித்ததாகவும் தெரியவில்லை. "எடுத்துடுன்னு யார் சொன்னது?"

"கரகரப்பை எடுத்துடுன்னேன்."

"கரகரப்பு எதுல இருந்துச்சு? அந்த ஸ்பீக்கர்லதானே? எடுத்தேன். புதுசு போட்டுக் குடுத்தேன். ஓட்டை ஸ்பீக்கருக்குப் பதிலா புதுசு! வேற எந்த மச்சான் செய்வான்?"

கம்பியார் ஒத்துக்கொண்டார். சொன்னது அவர்தான். எடுத்துடு என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதையும் எடுக்கலாம். அதில் வாதாட ஒன்றுமில்லை. ஒரு ஸ்பீக்கர் போனால் போகட்டும் என்றுகூட அவரால் விட்டுவிட முடியும். வேறொன்றை விட முடியவில்லை.

"சரி. ஸ்பீக்கரை எடுத்துடுன்னு நான் சொன்னதாவே இருக்கட்டும். என் கை நடுங்குதுன்னு சொன்னியே, அதை எதுலேர்ந்து எடுத்தே?"

மச்சான் சால்டரிங் கோலைத் தாங்கியில் வைத்தார். "ஏதோ பேச்சுக்குச் சொன்னது மாப்ளே. அதைப் போய்…"

"பேச்சுக்கா."

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன். அதே ஸ்பீக்கரோட வர்றேன். போதுமா?"

வீட்டில் மனைவி நம்பவில்லை. "எங்கண்ணன் அப்படிப்பட்டவன் இல்லீங்க. ஏதோ கை மாறிப் போயிருக்கும். எண்ணெய் வாங்கிட்டு வந்தவன் அவன்." கம்பியார் நெயில் பாலிஷைப் பார்த்ததை மட்டும் சொன்னார். மனைவி துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தார். "தெரிஞ்சதும் கொண்டுவந்து குடுக்கறேன்னு சொன்னானில்ல? மனசுல கள்ளம் இருந்தா சொல்வானா?"

ஞாயிற்றுக்கிழமை மச்சான் சொன்னபடி வந்தார், தோளில் பை, கையில் அட்டைப்பெட்டி. வாசலிலேயே உற்சாகமாக இருந்தார். "இந்தா மாப்ளே உன் காக்கை. அந்த மனுஷன்கிட்டேர்ந்து பிடுங்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

தங்கை முந்திக்கொண்டு அட்டைப்பெட்டியைத் திறந்தார். பழைய ஸ்பீக்கர்தான். விளிம்பருகே பூச்சும் இருந்தது. முகத்தில் ஒரு நிம்மதி வந்தது; கணவரை நோக்கி, பார்த்தீர்களா என்பதுபோல் திரும்பினார். பிறகு ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். விரலால் பூச்சைத் தொட்டார். முகர்ந்து பார்த்தார்.

"அண்ணா, இது இன்னும் வாசம் அடிக்குது."

"புதுசாப் பூசினா அடிக்காதா? உரிஞ்சிருந்துச்சு, மேல ஒரு கை பூசினேன்."

"அடியில கிழிசலே இல்லையே."

மச்சான் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத் துணைக்கு யாரும் வரவில்லை. "அந்தாளு திருப்பித் தர மாட்டேங்கறான்மா. அதே கம்பெனி, அதே அளவு. சத்தத்துல வித்தியாசமே தெரியாது. இவருக்கு மனசு சமாதானமாகட்டுமேன்னுதான்…"

"என் கலர் அரக்கு. இது ரோஸ்."

கம்பியார் நாற்காலியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொல்ல வைத்திருந்தது எதுவும் இப்போது தேவைப்படவில்லை. ஜெயித்துவிட்டதாகவும் தோன்றவில்லை. இதுவரை அந்த வீட்டில் ஏமாந்தவர் ஒருவர்; இப்போது இரண்டு பேர்.

மனைவி ஸ்பீக்கரை அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடி அண்ணன் கையில் கொடுத்தார். பிறகு உள்ளே போய் அந்த எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்தார். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. மூடியை இறுக்கித் திருகி, அண்ணனின் தோள்பையில் செருகினார்.

"இதையும் எடுத்துக்கோண்ணா" என்றார்.